மூச்சுக்கென்று ஒரு கட்டம்

முதியோர் காப்பகத்தில் எல்லோரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். எண்பது வயதுக்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள். அவளுக்கு வயது முப்பத்தொன்பது. அந்த மரியாதையில் பாதி பயம், மீதி வம்பு எதற்கு என்ற எண்ணம்.

அவளுக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம்தான். வாரத்துக்கு ஒரு முறை வரும் டாக்டர் கட்டிலில் கிடக்கிறவரைப் பார்க்காமல் ஃபைலைப் பார்த்துவிட்டுப் போவார். "ஃபைலுக்கு வைத்தியம் பார்க்கிற மனுஷன்" என்பாள். மேனேஜர் பினாயில் வாசனை வந்தால் இடம் சுத்தமாக இருக்கிறது என்று நம்புகிற ஆள். பெற்றவர்களைப் பார்க்க வரும் பிள்ளைகளோ பழப்பையை மேசையில் வைத்த கையோடு கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் போனதும் அந்தப் பழத்தை உரித்து, விதை எடுத்து, மசித்து ஊட்டுகிறவள் இவள். இளக்காரம் வராமல் என்ன செய்யும்?

பதினோரு வருஷமாக அவள் மனிதர்களைத் தூக்கிக்கொண்டிருந்தாள். கட்டிலிலிருந்து நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு. யாரை எந்தப் பக்கம் பிடிக்க வேண்டும், யாருக்கு முழங்காலில் முட்டுக் கொடுக்க வேண்டும், யார் பாதி வழியில் பிடியை விட்டுவிடுவார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. இதில் யாரும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சொல்லத்தான் வருவார்கள்.

அப்படித்தான் ஒரு நாள் புதிதாக வேலைக்குச் சேர்ந்த நர்ஸ் ஒருத்தி வந்தாள். இருபத்திரண்டு வயது, இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை. பக்கவாதம் வந்தவர் ஒருவரை உட்கார வைக்க வேண்டியிருந்தது. "அக்குள்ல கை குடுத்துத் தூக்குங்க" என்றாள்.

"அந்தக் கை விளங்காத கைம்மா. அக்குள்ல பிடிச்சுத் தூக்கினா தோள்பட்டை இறங்கிடும்" என்றாள் பெரியக்கா.

"நான் இதைப் படிச்சிட்டு வந்திருக்கேன். நான் சொன்னதைச் செய்யுங்க."

பெரியக்கா அவள் சொன்னதைச் செய்யவில்லை. தனக்குத் தெரிந்தபடி தூக்கி உட்கார வைத்தாள். சாயங்காலமே மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டு அவளிடம் விளக்கக் கடிதம் எழுதி வாங்கினார்கள். அந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் அவள் முடிவு செய்தாள், அந்த நர்ஸ் படித்த நாலு வருஷப் படிப்பைத் தானும் படித்துவிடுவது என்று. சேவை மனப்பான்மை, மனித நேயம் இதெல்லாம் அவள் மனதில் துளியும் இல்லை. தன்னைவிடக் குறைவாகத் தெரிந்தவர்கள் தனக்கு உத்தரவு போடுவதை அவளால் இனிமேல் பொறுத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான்.

ஊருக்கு வெளியே இருந்த பல்கலைக்கழகத்தில் நர்ஸிங் உள்ளிட்ட சுகாதார அறிவியல் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஆறு மாத ஆயத்த வகுப்பு ஒன்று நடந்தது. பள்ளிக்கூடத்தை விட்டு ரொம்ப நாளானவர்களும், ஒரு முறை எழுதி இடம் கிடைக்காதவர்களும் அதில் சேர்வார்கள். சனி, ஞாயிறு மட்டும் பாடம். கடைசியில் எழுத்துத் தேர்வும் செய்முறைத் தேர்வும் வைத்து, மதிப்பெண்ணைக் கூட்டி, முதல் நாற்பது பேருக்கு இடம் கொடுப்பார்கள். நாற்பது வயது முடிந்தவர்கள் விண்ணப்பிக்க முடியாது. ஆக, பெரியக்காவுக்கு இந்த ஒரு தடவைதான். இதை விட்டால் ஓய்வு பெறும்வரை இஸ்திரிச் சட்டைகளின் பேச்சைக் கேட்டுக்கொண்டு தூக்க வேண்டியதுதான்.

வீட்டில் பெரிய எதிர்ப்பு ஒன்றும் இல்லை. கணவர் லிஃப்ட் பழுது பார்க்கும் மெக்கானிக். சாதுவான மனிதர். "படியேன், யாரு வேணாங்கிறா" என்றார். நாத்தனார் மட்டும் ஃபோன் செய்து, "ஏன் அண்ணி, நீங்க படிச்சு முடிக்கிறதுக்குள்ள உங்களையே யாராவது தூக்க வேண்டி வருமே" என்று சிரித்தாள். "அப்ப எப்படித் தூக்கணும்னு உனக்குச் சொல்லித் தர்றதுக்காகவாவது படிச்சு வைக்கிறேன்" என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தாள் பெரியக்கா.

வகுப்பில் அறுபது பேர். முதல் நாளே அவள் எல்லோரையும் எடை போட்டு முடித்துவிட்டாள். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பாதிப் பேர் அப்பா அம்மா தள்ளிவிட்டு வந்தவர்கள். பின்வரிசை, நண்பன் சேர்ந்தான் என்று சேர்ந்தது. விண்ணப்பத்தோடு கொடுக்க ஒரு பக்கக் கட்டுரை எழுதச் சொன்னார்கள், ஏன் இந்தப் படிப்பு என்று. ஐம்பத்தொன்பது பேரும் சிறு வயதிலிருந்தே சேவை செய்யும் ஆசை தங்களுக்கு இருந்ததாக எழுதினார்கள். பெரியக்கா எழுதியதைப் படித்துவிட்டு வாத்தியார் அவளைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எனக்கு உத்தரவு போடுறவங்களைவிட எனக்கு அதிகம் தெரியும்னு எழுதியிருக்கீங்களே, இதை எப்படிம்மா அனுப்புறது?"

"பொய்யா சார்?"

"பொய்யோ நிஜமோ, நமக்கு சீட் வேணும்ல?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிறு வயதிலிருந்தே தனக்கும் சேவை செய்யும் ஆசை உண்டு என்று எழுதிக் கொடுத்தாள். வீட்டுக்கு வந்து கைகால் கழுவிய பிறகும் அந்த வாக்கியம் கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

வகுப்பிலேயே அவளுக்கு எரிச்சல் மூட்டியவள் பக்கத்து இருக்கைக்காரி. பத்தொன்பது வயது, போன வருஷம் எழுதி இடம் கிடைக்காமல் மறுபடி வந்தவள். அவளிடம் ஏழெட்டு நிறத்தில் பேனாக்கள் இருந்தன. தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம், நரம்புக்கு மஞ்சள் என்று நோட்டு முழுக்கத் திருவிழாத் தோரணம் கட்டி வைத்திருப்பாள். பெரியக்கா மனதுக்குள் அவளுக்குக் கலர் பேனா என்று பேர் வைத்தாள். அந்தப் பெண் வாயைத் திறந்தால் கேள்விதான்.

"அக்கா, காப்பகத்துல படுக்கைப் புண்ணை நிஜமாவே பார்த்திருக்கீங்களா? எப்படிக்கா இருக்கும்?"

"புண்ணு மாதிரி இருக்கும்."

"பயமா இருக்காதாக்கா?"

"பயமா இருந்தா பேங்க் பரீட்சைக்குப் போகணும், இங்க எதுக்கு வர்றே?"

அந்தப் பெண்ணின் முகம் சிறுத்துப்போகும். ஆனால் சொரணை இல்லையோ என்னவோ, பத்து நிமிஷம் கழித்து மறுபடி "அக்கா" என்று ஆரம்பிப்பாள். கெட்ட எண்ணம் ஒரு துளிகூட இல்லாத பிள்ளை அது. அதுவே பெரியக்காவுக்கு இன்னும் எரிச்சல்.

வேதியியல் மட்டும் பெரியக்காவைக் கண்ணில் விரலை விட்டு ஆட்டியது. அமிலமும் காரமும் என்ன செய்தாலும் மண்டையில் ஏறவில்லை. காப்பகத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் துணி அறைக்குள் போய், மடித்து வைத்த படுக்கை விரிப்புகளின் மேல் உட்கார்ந்து சமன்பாடுகளை மனப்பாடம் செய்வாள். வீட்டில் கணவர் சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் எலும்புப் பெயர்களைக் கேட்பார். அவர் வாயில் அந்தப் பெயர்கள் படும் பாட்டில் எந்த எலும்பு முறிந்தது என்றே தெரியாது. "நீங்க கேட்காம இருந்தாலே நான் பாஸ் பண்ணிடுவேன்" என்பாள். அவர் அதற்கும் சிரித்துவிட்டு அடுத்த எலும்பை உடைப்பார்.

செய்முறைப் பயிற்சிக்கு மட்டும் அவள் போகவில்லை. வேலையில் ஐந்து வருஷத்துக்கு மேல் அனுபவம் உள்ளவர்கள் விலக்குக் கேட்கலாம் என்று விதி இருந்தது. கேட்டாள், கிடைத்தது. "எனக்குப் போய் நாடி பிடிக்கக் கத்துத் தரப் போறாங்களாக்கும்" என்று வாத்தியார் காதில் விழும்படியே சொன்னாள். மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஒருத்தர் கையை ஒருத்தர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் கேண்டீனில் வேதியியலோடு மல்லுக்கட்டினாள். கண்ணாடிக் கதவு வழியாகக் கலர் பேனா ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் தலைகீழாக மாட்டியிருப்பதைப் பார்த்து ஒரு நாள் அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

எழுத்துத் தேர்வு முடிந்து மதிப்பெண் ஒட்டினார்கள். பெரியக்காவுக்கு நாற்பத்தெட்டாவது இடம். வேதியியல் காலை வாரிவிட்டது. செய்முறையில் மதிப்பெண்ணை அள்ளினால்தான் நாற்பதுக்குள் வர முடியும். அவள் கலங்கவில்லை. மற்ற ஐம்பத்தொன்பதில் ஐம்பது பேர் ஒரு மனிதனைத் தொட்டாலே கை நடுங்குகிறவர்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

தேர்வு நடந்தது ஒரு நீளமான கூடத்தில். பச்சைத் திரை போட்டு மூன்றாகப் பிரித்திருந்தார்கள். முதல் தடுப்பில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு ஆளை மாற்ற வேண்டும். பெரியக்கா மாற்றியதைப் பார்த்துத் தேர்வாளர் எழுதுவதை நிறுத்திவிட்டார். "இன்னொரு தடவை செஞ்சு காட்டுறீங்களா? நான் பார்க்கணும்னுதான்" என்றார். அவளுக்கு முன்னால் போன கலர் பேனா சக்கர நாற்காலிக்கு பிரேக் போட மறந்து, நாற்காலி நழுவி, முகம் வெளிறி வெளியே வந்திருந்தாள். முழுசாக எட்டு மதிப்பெண் போயிற்று. 'நோட்டுல பிரேக்குக்கு என்ன கலர் அடிச்சாளோ' என்று பெரியக்கா நினைத்துக்கொண்டாள். இரண்டாவது தடுப்பில் கை கழுவுதல். அதிலும் முழு மதிப்பெண்.

மூன்றாவது தடுப்பில் ஒரு பெரியவர் படுத்திருந்தார். நோயாளியாக நடிப்பதற்காகக் கூட்டி வந்தவர். அவருடைய காய்ச்சல், நாடி, மூச்சு, ரத்த அழுத்தம் நாலையும் பார்த்து அட்டவணையில் எழுத வேண்டும். ஆறு நிமிஷம் கொடுத்திருந்தார்கள். தேர்வாளர் ஒரு நடுத்தர வயது அம்மாள், பழைய நர்ஸ். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள்.

பெரியக்கா மூன்றே நிமிஷத்தில் முடித்துவிட்டாள். அட்டவணையைக் கொடுத்துவிட்டு, பார்த்துக்கோ என்பதுபோல் நின்றாள்.

தேர்வாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். காய்ச்சல் சரி. நாடி சரி. ரத்த அழுத்தம் சரி. விரல் மூச்சுக் கட்டத்தில் நின்றது. அங்கே பதினெட்டு என்று எழுதியிருந்தது.

கட்டிலில் கிடந்த பெரியவர் நிமிஷத்துக்கு முப்பது மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். அப்படி விடச் சொல்லித்தான் அவரைப் படுக்க வைத்திருந்தார்கள்.

காப்பகத்தில் காலையில் நாற்பது பேருக்கு அட்டவணை எழுத வேண்டும். காய்ச்சலைச் சொல்ல ஒரு கருவி இருக்கிறது, நாடியையும் ரத்த அழுத்தத்தையும் சொல்ல ஒரு மெஷின் இருக்கிறது. மூச்சைச் சொல்லத்தான் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்த்து, ஒரு நிமிஷம் முழுசாக எண்ண வேண்டும். நாற்பது பேருக்கு நாற்பது நிமிஷம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே கூட இருந்தவள் சொல்லிக் கொடுத்துவிட்டாள், பதினெட்டு என்று போட்டுக்கொண்டே போ, மூச்சு விட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள் என்று. எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்பதால் நடுநடுவே இருபது. தூங்குகிறவர்களுக்குப் பதினாறு. பெரியக்கா பதினோரு வருஷமாக இப்படித்தான் எழுதினாள். அந்தக் கட்டத்துக்கு வந்ததும் அவளுடைய பேனா தானாக எழுதிவிடும். பரீட்சைக் கூடத்திலும் அது தானாகத்தான் எழுதியது.

தேர்வாளர் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "இதை எண்ணினீங்களா, இல்லை போட்டீங்களா?"

பெரியக்கா அட்டவணையைப் பார்த்தாள்.

"நானும் வார்டுல இருந்தவதான். தப்பா எண்ணியிருந்தா ரெண்டு மார்க் போகும், அவ்வளவுதான். எண்ணாமலே எழுதியிருந்தா செய்முறை முழுக்கப் பூஜ்யம், அதுதான் இங்க விதி. நான் உங்க வாயால கேட்டுக்கணும். எண்ணினீங்களா?"

இத்தனை மாதம் துணி அறையில் உட்கார்ந்தது, அந்த இஸ்திரிச் சட்டை, விளக்கக் கடிதம், நாற்பது வயது எல்லாம் ஒன்றாக வந்து முட்டின.

"எண்ணினேன் மேடம்."

தேர்வாளர் இரண்டு மதிப்பெண்ணைக் குறைத்து எழுதினாள். கட்டிலில் கிடந்த பெரியவர் தலையைத் திருப்பிப் பெரியக்காவைப் பார்த்தார். நோயாளியைச் சாட்சிக்குக் கூப்பிடும் வழக்கம் அங்கே இல்லை.

இடைவேளையில் அந்தப் பெரியவர் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் தம்ளரைக் கீழே வைத்தார்.

"காலையிலேர்ந்து வேக வேகமா மூச்சு விட்டு எனக்குத் தலை கிறுகிறுக்குதும்மா. சின்னப் பசங்க எல்லாம் திருதிருன்னு முழிச்சுக்கிட்டு என் நெஞ்சையே பார்த்தாங்க. நீ ஒருத்திதான் பார்க்கவே இல்லை."

"வந்த வேலையைப் பாருங்க பெரியவரே" என்றாள் பெரியக்கா. சொல்லிவிட்டு நடந்தாள்.

மறுநாள் காலை காப்பகத்தில் அட்டவணையை எடுத்தாள். முதல் கட்டில் ஜன்னலோரம் இருந்தது. மூச்சுக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தாள். ஐந்து, ஆறு, ஏழு. பக்கத்துக் கட்டிலில் மணி அடித்தது. குளியலறையிலிருந்து யாரோ கத்தினார்கள். மேனேஜர் கதவருகே வந்து, "என்ன பெரியக்கா, அங்கேயே நின்னுட்டீங்க? இன்னும் முப்பத்தொன்பது பேர் இருக்காங்க" என்றார். அவள் பதினெட்டு என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

அந்த அடுத்த கட்டிலில் போன வருஷம் ஒரு தையற்காரர் இருந்தார். நுரையீரலில் சளி கட்டி, ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸில் போனவர் திரும்பி வரவில்லை. "நாலஞ்சு நாளாகவே மூச்சு வாங்கியிருக்கணுமே, யாரும் கவனிக்கலையா?" என்று ஆஸ்பத்திரியில் கேட்டதாகப் பேச்சு வந்தது. அப்போது பெரியக்கா டாக்டரைத் திட்டித் தீர்த்தாள். வாரம் ஒரு நாள் வந்து ஃபைலைப் பார்க்கிறவனுக்கு என்ன தெரியும் என்றாள். அந்த ஃபைலில் அந்த நாலைந்து நாளும் என்ன எழுதியிருக்கும் என்பதை இப்போது கட்டிலருகே நின்றபடி நினைத்துப் பார்த்தாள். ஃபைல் அலமாரி பத்தடி தூரத்தில்தான் இருந்தது. திறந்து பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை. திறக்கவும் தேவை இல்லை. எழுதியது அவள் கை.

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொல்ல வாயெடுத்தாள். அவர் அன்றைக்கும் தட்டோடு உட்கார்ந்து, "சீட் கிடைச்சதும் நம்ம லிஃப்ட் ஆபீஸ்ல எல்லாருக்கும் ஸ்வீட் வாங்கிக் குடுக்கணும்" என்று ஆரம்பித்தார். அவள் குழம்பை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் பட்டியல் ஒட்டினார்கள். பல்கலைக்கழக அறிவிப்புப் பலகை முன் ஒரே நெரிசல். பெரியக்கா கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு போய் மேலிருந்து படித்தாள். முப்பதுவரை காணோம். முப்பத்தைந்துவரை காணோம். நாற்பதாவது எண்ணுக்கு நேராக அவள் பெயர் இருந்தது. அதற்குக் கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே காத்திருப்போர் பட்டியல். அதில் முதலாவதாகக் கலர் பேனாவின் பெயர். வித்தியாசம் ஒரு மதிப்பெண்.

போன வருஷம் காத்திருப்போர் பட்டியலில் இருந்த ஒருவருக்கும் இடம் கிடைக்கவில்லை. வகுப்பில் எல்லோருக்கும் அது தெரியும்.

கலர் பேனா தூணருகே நின்றுகொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. பெரியக்காவைப் பார்த்ததும் ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, உங்களுக்குக் கிடைச்சுடுச்சு! உங்களுக்குக் கிடைக்கலைன்னா வேற யாருக்குக்கா கிடைக்கணும்? எனக்குக்கூட ஒரு மார்க்லதான் போச்சு. எங்க அப்பா இனிமே எழுத வேணாம்னுட்டார். பரவாயில்லைக்கா, உங்களுக்குக் கீழே நிக்கிறது ஒண்ணும் கேவலமில்லை."

இந்தப் பிள்ளை தன்னைத் திட்டினால் தேவலை என்று பெரியக்காவுக்கு இருந்தது. அலுவலகம் எதிரிலேயே இருந்தது. உள்ளே போய் இரண்டு வார்த்தை சொன்னால் கோடு ஒரு வரி கீழே இறங்கும், இந்தப் பெண் அதற்கு மேலே போய்விடுவாள். நாற்பது வயது முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது.

"ஒண்ணே ஒண்ணு கேட்கணும்க்கா. மூணு வாரமா மனசை அரிக்குது" என்றாள் கலர் பேனா. "அந்தப் பெரியவரோட மூச்சு எனக்கு முப்பது வந்துச்சு. அவ்வளவு இருக்குமான்னு சந்தேகம், மறுபடி எண்ணினேன், மறுபடியும் முப்பது. அதுலதான் என் மார்க் போச்சோன்னு பயமா இருக்கு. உங்களுக்கு எவ்வளவுக்கா வந்துச்சு?"

பெரியக்கா அந்த முகத்தைப் பார்த்தாள்.

"எனக்கும் முப்பதுதான்" என்றாள்.

"அப்பாடா" என்று நெஞ்சில் கை வைத்தாள் அந்தப் பெண். "அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்."

அலுவலகத்தில் சேர்க்கைப் படிவம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பெரியக்கா போய் வரிசையில் நின்றாள்.